அரசு ஆஸ்பத்திரி மருந்தும் ஊர்ப் பணமும்: டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று எந்தப் பக்கம் போனாலும், தங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிற நாலு பேர் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் மருந்தைப் பற்றித்தான். ஊரே மருந்து வாங்கிக் கொடுக்கலாமா, ஒரு நிதி சேர்க்கலாமா, ஆளுக்குக் கொஞ்சம் வசூலித்தால் என்ன? நான் டெல்டாவில் அரசு மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்தக் கேள்விகளுக்கு வாயால் சொல்லி வந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாத்திரைக்கான பணத்தை நாம் வரியாக ஏற்கெனவே கட்டிவிட்டோம். அதற்கு ஊர்ப் பணம் போகக் கூடாது. அந்த மாத்திரை கெடாமல், தீராமல், நோயாளி கைக்கு வந்து சேருவதற்கு ஊர்ப் பணமும் ஊர்க்காரர்களின் கவனமும் போகட்டும்.

அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம்தானே? அப்புறம் எதற்கு இந்தப் பேச்சு?

ஆமாம், இலவசம்தான். ஆனால் இலவச மருந்து இருக்கிற மாநிலத்திலும் நோய்க்குக் கைக்காசு செலவாகிறது. தேசிய சுகாதாரக் கணக்கின்படி, இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தங்கள் கையிலிருந்து நேரடியாகக் கொடுத்தது 2013-14இல் 64.2 சதவீதம். 2021-22இல் அது 39.4 சதவீதமாகக் குறைந்தது. குறைந்தது நல்ல செய்திதான், ஆனாலும் நூறு ரூபாயில் நாற்பது ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு என்பது சின்னத் தொகை இல்லை. ஆஸ்பத்திரியில் படுக்காமல் மாதா மாதம் மருந்து மட்டும் வாங்குகிற சுகர், பிரஷர், வலிப்பு, தைராய்டு நோயாளிகளின் வீட்டில் அந்தக் காசு மருந்துக் கடைக்குத்தான் போகிறது.

இந்த மருந்தெல்லாம் எங்கிருந்து வருகிறது? யார் பணம் கொடுக்கிறார்கள்?

இது தெரியாமல் எந்த ஊர் நிதியையும் தொடங்காதீர்கள் என்பேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒரு அரசு நிறுவனம் இருக்கிறது. 1994இல் பதிவாகி, 1995 தொடக்கத்திலிருந்து மருந்து வாங்கி அனுப்பும் வேலையைச் செய்துவருகிறது. அதற்கு முன்பு இலாகாக்கள் தனித்தனியாகக் கொள்முதல் செய்தன. விலையில் ஒழுங்கில்லை, சில மருந்து குவிந்து கிடக்கும், சில மருந்து கண்ணிலேயே படாது. கழகம் வந்த பிறகு மாநிலம் முழுவதற்கும் ஒரே பட்டியல், ஒரே டெண்டர். இரண்டு உறைகளாக டெண்டர் வாங்குவார்கள். கம்பெனிக்குத் தகுதி இருக்கிறதா என்று முதல் உறையைப் பிரித்துப் பார்த்து, தேறியவர்களின் விலை உறையை மட்டும் திறப்பார்கள். பிராண்டு பெயரில் இல்லாமல் மருந்தின் வேதிப் பெயரில் வாங்குவார்கள். இப்படி மொத்தமாக வாங்குவதால், கடையில் ரூபாய்க் கணக்கில் விற்கும் பல மாத்திரைகள் அரசுக்குப் பைசாக் கணக்கில் கிடைக்கின்றன.

கம்பெனி அனுப்பும் சரக்கு நேராக மாவட்ட மருந்துக் கிடங்குக்கு வரும். வந்த ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் (பேட்ச்) மாதிரி எடுத்து வெளி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் கிடங்கை விட்டு வெளியே போகும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. வருடத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று அதில் போட்டிருக்கும், எடுக்க எடுக்கக் கழிந்துகொண்டே வரும். மருந்துக்கான பணத்தில் பெரும்பங்கு இப்படிக் கழகம் வழியாகவே போகிறது. அவசரத்துக்கு உள்ளூரில் வாங்கிக்கொள்ள ஒரு சிறு பங்கு ஆஸ்பத்திரி கையில் இருக்கும்.

ராஜஸ்தான் 2011 அக்டோபர் 2ஆம் தேதி இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது இந்த முறையைத்தான் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது. கேரளாவிலும் இதே மாதிரி ஒரு கழகம் இருக்கிறது. நம் வீட்டில் இருக்கிற பொருளின் அருமை நமக்கே தெரியாமல் இருக்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அரசு மாத்திரையில் வீரியம் இல்லை என்கிறார்களே?

மேலே சொன்ன ஆய்வகச் சோதனைதான் பதில். பளபளப்பான அட்டை இல்லை, கம்பெனி பெயர் பெரிதாக இல்லை, 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். குணமாகவில்லை என்றால் அளவை மாற்ற வேண்டுமா, ஒழுங்காகச் சாப்பிடுகிறோமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒரு குறிப்பிட்ட அட்டையில் மாத்திரை நிறம் மாறியிருந்தாலோ உதிர்ந்தாலோ, தூக்கிப் போடாமல் அட்டையோடு மருந்தாளுநரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அட்டையில் இருக்கும் தொகுதி எண்ணை வைத்து அந்தச் சரக்கையே நிறுத்திவைக்க முடியும்.

அவ்வளவு ஏற்பாடு இருந்தும் "இந்த மாத்திரை இல்லை, வெளியில் வாங்கிக்கோங்க" என்று ஏன் சொல்கிறார்கள்?

பல காரணம் உண்டு. எந்தக் காரணம் என்று தெரிந்தால்தான் எங்கே போய்த் தட்டுவது என்று தெரியும்.

போன வருடம் எவ்வளவு செலவானது என்பதை வைத்துத்தான் இந்த வருடத்துக்குக் கேட்பார்கள். கார்த்திகையில் திடீரென்று காய்ச்சல் பரவினால் அந்தக் கணக்கு உதைக்கும். ஒரு தொகுதி சோதனையில் தேறாமல் போனால் அடுத்தது வரும்வரை இடைவெளி விழும். பாஸ்புக் தொகை நிதியாண்டு முடிவதற்குள் தீர்ந்துபோய், மாசி, பங்குனியில் கையைப் பிசைய வேண்டியிருக்கும். சில சமயம் மருந்து மாவட்டக் கிடங்கில் இருக்கும், எடுத்துவர வண்டி கிடைத்திருக்காது.

இதையெல்லாம் விட அதிகம் பார்த்தது வேறொன்று. ஒரு வயதான அம்மாவுக்கு மாரடைப்பு வந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் பிழைத்து ஊர் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் பையில் நாலைந்து மாத்திரை அட்டை, ஒரு சீட்டு. ஒரு மாதம் கழித்து முத்துப்பேட்டைப் பக்கம் இருக்கிற தன் ஊர் சுகாதார நிலையத்தில் சீட்டை நீட்டுகிறார். ஆஸ்பிரின் இருக்கும், கொழுப்பு மாத்திரை இருக்கும். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த இன்னொரு மாத்திரை அந்த நிலையத்தின் இருப்பில் இருக்காது. பெரிய ஆஸ்பத்திரியின் பட்டியலும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பட்டியலும் வேறு வேறு. இது யாருடைய திருட்டும் இல்லை, அலட்சியமும் இல்லை, இரண்டு பட்டியலுக்கு நடுவில் இருக்கிற பள்ளம். ஆனால் அந்தப் பள்ளத்தில் விழுவது அந்த அம்மாதான். தஞ்சாவூர் போய்வர ஒரு நாள் கூலி போகும். மகளிருக்கு இலவசம் என்பது சாதாரண நகரப் பேருந்தில்தான், அவ்வளவு தூரம் போகிற வண்டியில் டிக்கெட் எடுக்க வேண்டும். பெரும்பாலும் அந்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக் கூடாத மாத்திரை அதுதான்.

இதற்கு வழி உண்டு. மருத்துவ அலுவலர், இன்ன நோயாளிக்கு மாதம் இவ்வளவு வேண்டும் என்று எழுதி மேலிடத்திலிருந்து வரவழைக்கக் கேட்கலாம். தஞ்சாவூரில் சீட்டு எழுதும்போதே "எங்கள் ஊர் பி.எச்.சி.யில் இது கிடைக்குமா, இல்லையென்றால் இரண்டு மாதத்துக்குச் சேர்த்துத் தருவீர்களா" என்று கேட்கலாம். கேட்டால் பல டாக்டர்கள் செய்கிறார்கள்.

பமாக்கோ திட்டம் என்கிறார்களே, அது என்ன?

பமாக்கோ என்பது மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி நாட்டின் தலைநகரம். 1987 செப்டம்பரில் அங்கே ஆப்பிரிக்க நாடுகளின் சுகாதார அமைச்சர்கள் கூடினார்கள். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் கூட இருந்தன. அந்தக் காலத்தில் அந்த நாடுகள் கடனில் மூழ்கியிருந்தன. சுகாதார நிலையம் இருக்கும், நர்ஸ் இருப்பார், அலமாரியில் மருந்து இருக்காது. மருந்து இல்லாத இடத்துக்கு ஜனங்களும் வரமாட்டார்கள்.

முதல் சரக்கை உதவியாகக் கொடுப்பது, அத்தியாவசிய மருந்தை வேதிப் பெயரில் மலிவாக வாங்கி, கொஞ்சம் லாபம் வைத்து நோயாளிக்கு விற்பது, வந்த பணத்தை அரசாங்கக் கஜானாவுக்கு அனுப்பாமல் ஊர்க் குழுவின் கையிலேயே வைத்து மறுபடி மருந்து வாங்குவது. இதுதான் அங்கே எடுத்த முடிவு. பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்தில் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடத்துகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். போட்ட பணம் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், எங்கேயாவது நின்றால் எல்லாருக்கும் நஷ்டம்.

அங்கே அது வேலை செய்ததா?

ஒரு பாதி செய்தது. பெனின், கினி போன்ற நாடுகளில் மருந்து தொடர்ந்து கிடைத்தது, நிலையங்களுக்கு ஜனங்கள் திரும்ப வந்தார்கள், தடுப்பூசி போடுவதும் கூடியது. ஊர்க்காரர்கள் கணக்குப் பார்த்ததால் மருந்து காணாமல் போவது குறைந்தது. இதை மறுக்கக் கூடாது.

மறு பாதி கசப்பானது. பரம ஏழைக்கு விலக்கு என்று காகிதத்தில் இருந்தது. ஆனால் யார் ஏழை என்று முடிவு செய்ய வேண்டிய குழுவே அந்த விற்பனைப் பணத்தை நம்பித்தான் நிலையத்தை ஓட்டியது. விலக்குக் கொடுத்தால் நிதி குறையும், அதனால் கொடுக்கத் தயங்கினார்கள். மருந்து விற்றால்தான் வருமானம் என்றாகிவிட்டால் தேவைக்கு மேல் மருந்து எழுதும் பழக்கமும் வரும். இன்னொரு அடியும் விழுந்தது. மருந்து வெளிநாட்டுப் பணத்தில் வாங்குவது, விற்பது உள்நாட்டுப் பணத்தில். 1994 ஜனவரியில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றின் நாணயமான சி.எஃப்.ஏ. பிராங்கின் மதிப்பை ஒரேயடியாகப் பாதியாகக் குறைத்தார்கள். கையிருப்பு அதேதான், அதை வைத்து வாங்க முடிந்த இறக்குமதி மருந்து மட்டும் பாதியானது.

உகாண்டா 2001இல் அரசு சுகாதார நிலையங்களில் கட்டணத்தையே எடுத்துவிட்டது. உடனே நோயாளிகள் வரத்து நன்றாகக் கூடியது, அதிலும் ஏழைகளின் வரத்து. கட்டணம் யாரை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது என்று அப்போது தெரிந்தது.

அங்கே பாதி நடந்ததே, இங்கே நாம் ஒழுங்காக நடத்தினால்? ஆளுக்குப் பத்து ரூபாய் பெரிய பணமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் கேட்கிறார்கள். "ஓசியில் கொடுத்தால் மதிப்பு இருக்காது" என்றும் சேர்த்துச் சொல்வார்கள். நான் முழுக்க எதிர்க்கிறேன்.

பமாக்கோவில் அலமாரி காலியாக இருந்தது. வேறு வழி இல்லாமல் செய்தார்கள். நமக்கு வரிப் பணத்தில் மருந்து வந்துகொண்டிருக்கிறது. இங்கே கட்டணம் வைத்தால் ஒரே மருந்துக்கு இரண்டு தடவை காசு வாங்குவதாகும். 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்த மருந்துக்குக் காசு வாங்குவது குற்றமும்கூட.

டெல்டாவில் பணம் எப்போது கையில் புரளும் என்று பாருங்கள். மேட்டூர் ஜூன் 12இல் திறந்து, குறுவை நன்றாக வந்தால் புரட்டாசி, ஐப்பசியில் கொஞ்சம். சம்பா அறுப்பு தை, மாசியில். நடவு முடிந்து, களை எடுப்பும் ஓய்ந்து, அறுப்பு வரும்வரை விவசாயக் கூலி வீட்டில் அடுப்பு எரிவதே கடனில்தான். அறுவடை இயந்திரம் வந்த பிறகு அறுப்புக் கூலியும் முன்போல இல்லை. இப்போது நோய்க் காலத்தைப் பாருங்கள். கார்த்திகை, மார்கழி. டெங்கு, எலிக்காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சளி, குழந்தைகளுக்கு மூச்சிரைப்பு, வயல் வேலையில் சேற்றுப்புண். கை வறண்டிருக்கிற அதே மாதத்தில்தான் உடம்புக்கு வருகிறது. அந்த நேரத்தில் பத்து ரூபாய் என்பது, "இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்" என்று ஒருவரைச் சொல்ல வைக்கப் போதுமான பணம். எலிக்காய்ச்சலில் அந்த இரண்டு நாள் உயிர்.

மதிப்பு விஷயத்துக்கு வருகிறேன். சுகாதார நிலையத்தில் தடுப்பூசியை யாரும் காசு கொடுத்துப் போட்டுக்கொள்வதில்லை. அதனால் நம் தாய்மார்கள் அதை மதிக்காமல் விட்டார்களா? தேதி தவறாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

ஊர்ப் பணத்தில் வைத்தியம் என்பது நம் மண்ணில் பழைய வழக்கம்தானே?

பழையதுதான். தஞ்சையில் குந்தவைப் பிராட்டி ஆதுலர் சாலைக்கு, அதாவது அந்தக் காலத்து ஆஸ்பத்திரிக்கு, நிலம் விட்டிருக்கிறார். காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல் கோயில் கல்வெட்டில், வீரராஜேந்திர சோழன் காலத்து ஆதுலர் சாலைக்குப் பதினைந்து படுக்கை, வைத்தியருக்கு இவ்வளவு, அறுவை செய்பவருக்கு இவ்வளவு, மருந்துக்குப் பச்சிலை கொண்டுவருகிற ஆட்களுக்கு இவ்வளவு என்று எழுதி, இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பெயரையும் வரிசையாகக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் படிக்கும்போது ஒரு மருந்தாளுநருக்கு உடம்பு சிலிர்க்கும். செலவு எங்கிருந்து வந்தது என்பதையும் கவனியுங்கள். நிலத்து வருவாயிலிருந்து வந்தது. படுத்திருக்கிற நோயாளியிடம் வாங்கவில்லை.

பாம்புக்கடி மருந்தையாவது ஊர்ப் பணத்தில் வாங்கி வைக்கலாமா? எங்கள் ஊரில் வருஷாவருஷம் கடிபடுகிறார்கள்.

வயல்வெளி ஊர்களின் நியாயமான பயம் இது. ஆனாலும் வேண்டாம்.

நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான். குப்பி ஒன்று சில நூறு ரூபாய், முதல் தவணைக்கே எட்டு, பத்து குப்பி ஏற்ற வேண்டியிருக்கும். சில பேருக்கு அதற்கு மேலும். நூறு வீட்டு ஊர், வீட்டுக்கு மாதம் இருபது ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்கு 24,000 ரூபாய். ஒரே ஒரு கண்ணாடி விரியன் கடி அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். கடியே இல்லாத வருடத்தில் மருந்து காலாவதியாகும். எப்போதாவது வந்து, வந்தால் பெரிய செலவு வைக்கிற நோய்க்குச் சின்ன ஊர் தனியாக நிதி சேர்த்து மாளாது. மாநிலமே சேர்ந்து சுமக்க வேண்டிய சுமை அது. தவிர, மருந்து ஏறும்போதே ஒவ்வாமை வந்து ரத்த அழுத்தம் விழலாம், அதற்கு டாக்டரும் மாற்று ஊசியும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஊர் செய்ய வேண்டியது வேறு. உங்களுக்கு மிக அருகில் இருபத்துநாலு மணி நேரமும் இந்த மருந்தோடு இயங்குகிற ஆஸ்பத்திரி எது என்று இப்போதே விசாரித்து, டீக்கடையிலும் ரேஷன் கடையிலும் எழுதி ஒட்டுங்கள். 108க்கு வண்டி வரத் தாமதமானால் யார் வண்டியில் போவது, டீசல் காசு எந்த நிதியிலிருந்து என்று முடிவு செய்து வையுங்கள். கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டுவதும், கீறி ரத்தம் எடுப்பதும் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருங்கள். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக ஆக்கியிருக்கிறது. ஒவ்வொரு கடியும் பதிவானால்தான் எந்த வட்டாரத்துக்கு எத்தனை குப்பி என்று சரியாக ஒதுக்க முடியும். மந்திரிப்பவரிடம் போய்விட்டு வீட்டோடு இருந்துவிட்டவர்களின் பெயர் அந்தக் கணக்கில் வராது.

அப்படியானால் ஊர்ப் பணம் எதற்குத்தான் பயன்படும்?

ஒரு தடவை உங்கள் நிலையத்தின் மருந்து அறையை நன்றாகப் பாருங்கள். மருத்துவ அலுவலரிடம் கேட்டுவிட்டு உள்ளே போகலாம், யாரும் கடிக்கமாட்டார்கள். அட்டைப் பெட்டிகள் தரையில் இருக்கின்றனவா? சுவரோடு ஒட்டியிருக்கின்றனவா? டெல்டாவில் மழை நாலு நாள் விடாமல் பெய்தால் தரையே வியர்க்கும். கீழே இருக்கிற பெட்டியின் அடி ஊறும், உள்ளே இருக்கிற உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கல்லாக இறுகிவிடும். அதற்குத் தேவை மருந்து இல்லை. தரையிலிருந்து அரை அடி உயரத்துக்கு ஒரு மரப்பலகை மேடை. ஊர்த் தச்சர் ஒரு நாளில் அடித்துவிடுவார். ஜன்னல் வழியாக மதிய வெயில் நேராக அலமாரியில் விழுந்தால் ஒரு திரை. ஓட்டில் ஒழுகல் இருந்தால் அதை அடைக்கிற கூலி. அறைக்குள் சூடு பார்க்க ஒரு வெப்பமானி.

இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. இன்சுலின் போடுகிற குழந்தைகள் வீட்டில் அது எப்படிப்பட்ட நாட்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஊர்ப் பணத்தில் ஒரு இன்வெர்ட்டர், நல்ல பேட்டரி, ஐஸ் பேக்கோடு கூடிய பெட்டி வாங்கிக் கொடுத்தால் அது எத்தனையோ குப்பி மருந்தைக் காப்பாற்றும். இன்வெர்ட்டரை வாங்கிக் கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். பேட்டரித் தண்ணீர் யார் ஊற்றுவது, மூன்று நாலு வருடத்தில் பேட்டரி மாற்ற யார் பணம் வைப்பது என்பதையும் அன்றைக்கே எழுதி வையுங்கள்.

வண்டிச் செலவு அடுத்தது. வலிப்பு, மனநலம், காசநோய், டயாலிசிஸ் என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு மாதா மாதம் போகிறவர்கள் ஊருக்கு ஐந்தாறு பேர் இருப்பார்கள். அவர்கள் மருந்தை விடுவது மருந்தின் விலையால் இல்லை, பஸ் காசாலும் கூடப் போக ஆள் இல்லாததாலும். மாதம் ஒரு நாள் ஒரே வேனில் எல்லாரையும் அழைத்துப்போய் வந்தால், சின்ன நிதியில் இவ்வளவு பெரிய பலன் வேறு எதிலும் கிடைக்காது. மகளிர் சுயஉதவிக் குழுவின் கூட்டமைப்பில் நலிந்தோருக்கென ஒரு நிதி இருக்கும். அதிலிருந்து அவசரத்துக்குக் கைமாற்றாகவும் கொடுக்கலாம்.

சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருமாமே?

வரும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கியது. பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுப்பார். உங்கள் தெருவுக்கு வரவில்லை என்றால் கிராம செவிலியரிடம் பெயரைப் பதியுங்கள்.

முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் இருக்கும்போது கவலை எதற்கு?

நல்ல கடைகள்தான். மக்கள் மருந்தகம் மத்திய அரசுத் திட்டம், 2008இலிருந்து வருகிறது. முதல்வர் மருந்தகம் 2025 பிப்ரவரி 24இல் ஆயிரம் கடைகளோடு தொடங்கியது, கூட்டுறவுச் சங்கங்களும் தனி ஆட்களும் நடத்துகிறார்கள். தனியார் டாக்டரிடம் பார்ப்பவர்களுக்குச் செலவு பாதிக்கு மேல் குறையும். ஆனால் அங்கே காசு கொடுக்க வேண்டும். இலவசமாக வர வேண்டிய மருந்து வரவில்லை என்பதற்கு அது மாற்று ஆகாது.

காப்பீட்டு அட்டையில் மருந்து வாங்க முடியாதா?

முதலமைச்சர் காப்பீடு படுத்துச் செய்யும் சிகிச்சைக்கு. மாத மாத்திரைக்கு அது வராது.

சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மருந்தாகவே அனுப்பலாமா?

வேண்டாம் என்று அன்போடு சொல்லுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே பகுதிக்கு உலகம் முழுவதிலிருந்தும் சுமார் 4,000 டன் மருந்து வந்து குவிந்தது. அதில் பாதிக்கு மேல் அந்த நாட்டின் அத்தியாவசியப் பட்டியலிலேயே இல்லாதவை. படிக்கத் தெரியாத மொழியில் அட்டை, காலாவதி நெருங்கிய சரக்கு, கடைசியில் அழிப்பதற்கே பெரும் செலவு. பிள்ளைகள் பணமாக அனுப்பட்டும், மேலே சொன்ன பேட்டரிக்கும் வேனுக்கும் அது போகட்டும். வீட்டில் மீந்த மாத்திரையைச் சேர்த்து ஊருக்குள் பங்கு போடுவதும் வேண்டாம். உரிமம் இல்லாமல் மருந்து இருப்பு வைத்து விநியோகிப்பது சட்டப்படியும் தவறு.

பணத்தை யார் கையில் கொடுப்பது?

தனி ஆள் கையில் கொடுக்காதீர்கள், எவ்வளவு நல்லவராக இருந்தாலும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நோயாளர் நலச் சங்கம் என்று பதிவு பெற்ற அமைப்பு உண்டு. அதன் வங்கிக் கணக்கில் போட்டு ரசீது வாங்குங்கள், என்ன வேலைக்கு என்று எழுதிக் கொடுங்கள். ஊராட்சி அளவில் கிராம சுகாதாரக் குடிநீர் துப்புரவு ஊட்டச்சத்துக் குழு இருக்கிறது. ஊராட்சித் தலைவரும் கிராம செவிலியரும் அதில் முக்கியமானவர்கள், தேசிய சுகாதார இயக்கத்திலிருந்து அதற்கு ஒரு சிறு நிதியும் வரும். பல ஊர்களில் இந்தக் குழு இருப்பதே ஊருக்குத் தெரியாது. புதிதாக ஒரு சங்கம் தொடங்குவதற்கு முன்னால் இருப்பதை எழுப்புங்கள்.

கோயில் திருவிழா மிச்சத்தைக் கொடுப்பதென்றால் ஊர்க் கூட்டத்தில் எல்லாத் தெருக்காரர்களையும் வைத்து முடிவெடுங்கள். காலனித் தெருவைக் கூப்பிடாமல் எடுத்த முடிவு ஆஸ்பத்திரிக்குள்ளும் பிரிவினையைக் கொண்டுவரும். வேன் யார் வாசலில் முதலில் நிற்கும் என்பதிலேயே அது தெரிந்துவிடும்.

மருந்து இருப்பை நாங்கள் கேட்கலாமா? ஊழியர்கள் கோபித்துக்கொள்வார்களே?

கேட்கலாம், கேட்க வேண்டும். கேட்கிற முறை ஒன்று இருக்கிறது. "ஏன் இல்லை" என்று கவுண்டரில் சத்தம் போட்டால் அங்கே நிற்கிற மருந்தாளுநருக்குத் திட்டு விழும், மருந்து வராது. பல நிலையங்களில் ஒரே மருந்தாளுநர் இருநூறு பேருக்கு மாத்திரை எண்ணிக் கொடுத்துக்கொண்டு, கணினியிலும் பதிந்துகொண்டு இருப்பார். "எது தீரப் போகிறது, நாங்கள் யாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும்" என்று கேட்டுப் பாருங்கள். அவரே உங்கள் பக்கம் வந்துவிடுவார். தீரப் போகிறது என்று மேலே எழுதிக்கொண்டே இருந்தவருக்கு ஊரின் குரல் பெரிய துணை.

மாதம் ஒரு முறை, பத்துப் பதினைந்து மருந்தை மட்டும் பார்த்தால் போதும்: சுகருக்கும் பிரஷருக்கும் உள்ள முக்கிய மாத்திரைகள், இன்சுலின், வலிப்பு மாத்திரை, வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பாம்புக்கடி மருந்து, உப்பு சர்க்கரைப் பொட்டலம், குழந்தைக் காய்ச்சல் மருந்து, எலிக்காய்ச்சலுக்கான மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை. இல்லாததைத் தேதியோடு ஒரு நோட்டில் குறியுங்கள். மூன்று மாதம் குறித்த நோட்டு கையில் இருந்தால் வட்டார மருத்துவ அலுவலரும் மாவட்ட சுகாதார அலுவலரும் உட்கார வைத்துப் பேசுவார்கள். பதில் வராவிட்டால் 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்குச் சொல்லலாம், பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் இருப்புப் பதிவேட்டின் நகலைக் கேட்கலாம்.

கிராம சபையில் இதை எப்படித் தீர்மானமாகக் கொண்டுவருவது?

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். தீர்மானத்தில் பொதுவாகப் புலம்பாமல் மருந்தின் பெயர், தேதி, கேட்பது ஆகிய மூன்றும் இருக்கட்டும். மாதிரிக்கு ஒன்று:

"எங்கள் ஊராட்சி மக்கள் பயன்படுத்தும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இணைப்பில் உள்ள தேதிகளில் கீழ்க்கண்ட மருந்துகள் இருப்பில் இல்லை. இவற்றின் ஆண்டுத் தேவையைத் திருத்திக் கேட்டுப் பெறவும், பெரிய மருத்துவமனையில் தொடங்கிய மருந்துகளை இங்கேயே தொடர்ந்து வழங்க ஏற்பாடு செய்யவும், மழைக்காலத்துக்கு முன்பே கூடுதல் இருப்பு அனுப்பவும் இக்கிராம சபை கேட்டுக்கொள்கிறது. மருந்து அறைக்கு மரமேடையும் இன்வெர்ட்டரும் ஊர் நிதியிலிருந்து நோயாளர் நலச் சங்கம் வழியாக வழங்கப்படும்."

தீர்மானப் புத்தகத்தில் ஏறியதும் நகல் வாங்குங்கள். ஒன்று மருத்துவ அலுவலருக்கு, ஒன்று மாவட்ட சுகாதார அலுவலருக்கு, ஒன்று ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கு. மழைக்கால இருப்பைப் பற்றியது என்றால் அக்டோபர் 2 வரை காத்திருக்காமல் ஆகஸ்ட் 15 கூட்டத்திலேயே வைத்துவிடுங்கள், கிடங்கிலிருந்து சரக்கு வந்து சேர அவகாசம் வேண்டும்.